சர்க்கரையைப் பொடித்த பிறகு அது வேறு பொருள்

பேக்கிங் வகுப்பில் ஐசிங் சுகர் (கடையில் விற்கும் நைஸான சர்க்கரைப் பொடி) என்று நான் எழுதிப் போட்டதும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "மேடம், வீட்டுச் சர்க்கரையையே மிக்ஸியில அடிச்சுக்கலாமா?" தாராளமாக அடிக்கலாம். பெரும்பாலான பலகாரங்களுக்கு அதுவே போதும். ஆனால் பொடித்த பிறகும் அதைப் பழைய சர்க்கரையாகவே நினைத்துப் புழங்கக் கூடாது. கப் அளவு மாறிவிடுகிறது, ஈரத்தை வேகமாக இழுக்கிறது. டப்பாவில் போட்டுவிட்டால் மைதாவா சோடா உப்பா என்று தெரியாத வெள்ளைப் பொடியாகிவிடுகிறது.

முதலில் ஜாரைப் பாருங்கள். துடைத்துக் காயவைத்ததுபோலத் தெரிந்தாலும், மூடியில் இருக்கும் ரப்பர் வாஷருக்குள் ஈரம் ஒளிந்திருக்கும். அதைக் கழற்றித் துடையுங்கள், முகர்ந்தும் பாருங்கள். மல்லித்தூள், பூண்டு வாசனை அதில்தான் தங்கும்; மாலாடு பிடித்த பிறகுதான் அது தெரியவரும். ஸ்டீல் ஜாரே நல்லது. பிளாஸ்டிக் ஜாரில் சர்க்கரைப் படிகம் உரசி உரசிக் கீறல் விழும், சீக்கிரமே மங்கிப்போகும்.

பாதி ஜாருக்கு மேல் போடாதீர்கள். ஒரேயடியாக ஓடவிடாமல் விட்டு விட்டு அடியுங்கள். தொடர்ந்து ஓடினால் சூடேறி, பிளேடுக்கு அடியில் சர்க்கரை அப்பிக்கொள்ளும். நிறுத்தியதும் மூடியைத் திறக்காமல் இரண்டு நிமிடம் விடுங்கள், தூசு அடங்கட்டும். சல்லடையில் சலித்து, மேலே தங்கும் குருணையை மறுபடி அடித்தால் வேலை முடிந்தது. கற்கண்டு, பனங்கற்கண்டு என்றால் இடிகல்லில் தட்டி உடைத்த பிறகே ஜாரில் போட வேண்டும். பெரிய கட்டியை அப்படியே போட்டால் பிளேடு வளையும்.

கடையில் விற்கும் ஐசிங் சுகர் வெறும் சர்க்கரைப் பொடி அல்ல. கட்டி தட்டாமல் இருக்கப் பொதுவாக 3 முதல் 5 சதவீதம் கார்ன் ஃப்ளோர் என்ற வெள்ளைச் சோள மாவு சேர்த்திருப்பார்கள். சில பாக்கெட்டில் அதற்குப் பதில் 551, 341 போன்ற எண்கள் இருக்கும். கட்டி சேராமல் தடுக்க அனுமதிக்கப்பட்ட பொருட்கள்தான் அவை. ஏகாதசி விரதத்தில் தானியம் தொடாதவர்கள் இந்தப் பட்டியலைக் கட்டாயம் படிக்க வேண்டும். மாலாடு, பயத்தம் உருண்டை மாதிரி அப்படியே சாப்பிடும் பலகாரத்தில் அந்தப் பச்சை மாவின் ருசி லேசாக நாக்கில் தட்டும். அங்கே வீட்டில் பொடித்ததுதான் சரி. நான்கட்டாய்க்கும் அப்படியே.

கேக் மேல் நுணுக்கமாகப் பூ போடும்போது மட்டும் கடைப் பொடியை வாங்குங்கள் என்பேன். மிக்ஸி எவ்வளவு அடித்தாலும் ஒரே சீரான பொடி வராது. மிஞ்சும் குருணை கிரீம் பிழியும் மெல்லிய நாஸிலை அடைத்துக்கொள்ளும், கிரீமும் வாயில் நறநறக்கும். வீட்டிலேயே செய்து வைத்துக்கொள்ள நினைத்தால் 200 கிராம் சர்க்கரைக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது சுமார் 8 கிராம், வெள்ளைக் கார்ன் ஃப்ளோர் சேர்த்து அடியுங்கள். மஞ்சள் மக்காச்சோள மாவு வேண்டாம். மாவு சேர்க்காத பொடி சென்னை மாதிரிக் கடலோர ஊர்களில் சீக்கிரம் கட்டியாகிவிடும். அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் பொடிப்பது நல்லது.

வகுப்பில் நான் அதிகம் திருத்துவது அளவைத்தான். ஒரு கப் சர்க்கரை சுமார் 200 கிராம். அதே கப்பில் பொடியை நிரப்பினால் சுமார் 120 கிராம்தான் பிடிக்கும். ஒரு கப் பொடி கேட்கும் குறிப்புக்கு ஒரு கப் சர்க்கரையை அளந்து பொடித்து முழுவதையும் கொட்டினால், 80 கிராம் கூடுதலாகப் போய்விடும். நான்கட்டாய் தட்டில் பரவி வழிவது பல நேரம் இதனால்தான்; பாவம், வெண்ணெய்மேல் பழி போடுவார்கள். சமையல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். கிராமில் அளந்தால் பொடித்தது, பொடிக்காதது என்ற குழப்பமே இல்லை.

பொடித்த சர்க்கரை உடம்புக்கு லேசானது என்று சிலர் நம்புகிறார்கள். எப்படிப் பொடித்தாலும் ஒரு கிராமுக்கு 4 கலோரிதான். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதில் எந்தச் சலுகையும் கிடையாது. ஸ்பூனில் குறைவாகப் பிடிக்கிறது என்று இன்னொரு ஸ்பூன் போட்டுக்கொண்டால், கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும்.

தூசு பற்றியும் சொல்ல வேண்டும். காற்றில் பரவிய சர்க்கரைத் தூசு தீப்பிடிக்கும். 2008 பிப்ரவரி 7 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், போர்ட் வென்ட்வொர்த் என்ற ஊரில் இருந்த சர்க்கரை ஆலையில், சேர்ந்து கிடந்த சர்க்கரைத் தூசு வெடித்து 14 பேர் இறந்தார்கள். மிக்ஸியில் ஒரு கப் அடிக்கிறவர்கள் இதற்காகப் பயப்பட வேண்டாம்; எரிகிற அடுப்புக்குப் பக்கத்தில் ஜாரைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆனால் தொழிலுக்காக பல்வரைசர் என்ற அரவை இயந்திரம் வாங்கி, காற்றோட்டமில்லாத அறையில் மூட்டை மூட்டையாகப் பொடிக்கிறவர்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தரை, மின்விசிறி, ஸ்விட்ச் போர்டு என எங்கேயும் தூசு படியவிடாதீர்கள்.

என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது போரிக் பவுடர். கரப்பான் பூச்சிக்கு அதையும் பொடித்த சர்க்கரையையும் கலந்து உருண்டை பிடிப்பது நம் வீடுகளில் வழக்கம். அதைச் சமையல் மிக்ஸி ஜாரில் கலக்கவே கூடாது. மிச்சத்தைப் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு அலமாரியில் வைக்கவும் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், சர்க்கரை கலந்திருப்பதால் நாக்குக்கும் இனிக்கும். குழந்தை எடுத்துத் தின்னும், கண் மங்கிய பெரியவர்கள் பாலில் போடுவார்கள். தேவைக்கு மட்டும் கலந்து மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். நல்ல பொடி இருக்கும் டப்பாவில் பெயரும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். மூடியில் அல்ல, டப்பாவின் பக்கவாட்டிலேயே. மூடிகள் இடம் மாறும்.

யாராவது அந்த உருண்டையைத் தின்றுவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போரிக் பவுடர் பாக்கெட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள்.