பூட்டிய பெட்டிக்குள் இருந்த பேட்ஜ்கள்

ஓசூர் சிப்காட் பகுதியில் வார்ப்படங்களையும் வெல்டிங் இணைப்புகளையும் காமா கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் வேலையில், கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருக்கிறேன். பாலக்கோடு, போச்சம்பள்ளி, தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு, விதிமுறைகளுக்கு முன்பாக அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் நேர்ந்த இரண்டு மரணங்களைச் சொல்வது என் வழக்கம். அணுகுண்டு உருவான இடம் என்று எல்லோருக்கும் தெரியும். போர் ஓய்ந்த பிறகு அதே ஊரில் நடந்தது பலருக்குத் தெரியாது.

1945 ஆகஸ்ட் 21 இரவு, ஹாரி டாக்லியன் என்ற 24 வயது இயற்பியலாளர் 6.2 கிலோ புளூட்டோனிய உருண்டையைச் சுற்றி டங்ஸ்டன் கார்பைடு கட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நம் லேத் பட்டறைகளில் டூல் நுனியில் இருக்கும் அதே பொருள்தான். அங்கே அதன் வேலை, வெளியேறும் நியூட்ரான்களை உருண்டைக்கே திருப்பி அனுப்புவது. அளவுக்கு மீறித் திரும்பினால் அணுப்பிளவுத் தொடர்வினை கட்டுமீறி, உயிரைக் கொல்லும் கதிர்வீச்சு பாயும். இன்னொரு கட்டி வைத்தால் ஆபத்து என்று கருவி காட்டியதும் கையைப் பின்னிழுத்தார். கட்டி நழுவி நடுவில் விழுந்தது. வெறும் கையால் அடுக்கைக் கலைத்தார். 25 நாட்களில் உயிர் போயிற்று.

அதே உருண்டையைக் கொண்டு 1946 மே 21 அன்று லூயிஸ் ஸ்லாட்டின் இன்னொரு சோதனை செய்து காட்டினார். டாக்லியனின் கதி தெரிந்தவர். இந்தச் சோதனையில் கைதேர்ந்தவரும்கூட. மேலே கவிழ்க்கும் பெரிலியம் கிண்ணம் முழுவதும் மூடிவிடாமலிருக்க இடையில் தடுப்புத் துண்டுகள் வைக்க வேண்டும். அவற்றை எடுத்துவிட்டு, ஒரு ஸ்க்ரூ டிரைவர் முனையில் கிண்ணத்தைத் தாங்கியிருந்தார். முனை வழுக்கியது. நீல ஒளி பளிச்சிட்டது. கிண்ணத்தை உடனே கையால் தட்டித் தரையில் தள்ளினார். ஒன்பதாம் நாள் இறந்தார்.

இந்தக் கதையில் நான் அதிக நேரம் நிற்கும் இடம் வேறு. அவரோடு அறையில் இருந்த ஏழு பேரையும் சேர்த்து, உடல் வாங்கும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் பேட்ஜை ஒருவரும் அணிந்திருக்கவில்லை. பேட்ஜ்கள் சுமார் 30 மீட்டர் தள்ளி, பூட்டிய ஈயப் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. யார் எங்கே நின்றார்கள் என்று வரைபடம் போட்டும், இரத்தத்தில் கதிரியக்கமாகிவிட்ட சோடியத்தை அளந்தும்தான் மருத்துவர்கள் அளவைக் கணக்கிட வேண்டியிருந்தது. அந்தக் காலத்தின் தலைசிறந்த அறிவாளிகள் கூடியிருந்த இடம் அது!

எங்கள் வேலையில் புதியவர்கள் பயத்தில், அந்த இடத்துக் கதிர்வீச்சை உடனுக்குடன் காட்டும் சர்வே மீட்டரைக் கீழே வைப்பதில்லை. பத்து ஆண்டு அனுபவமுள்ளவர்களிடம்தான் எனக்கு ஓயாத வாக்குவாதம். காமா கதிர் தரும் இரிடியம்-192 சோர்ஸ், அதை அடைத்துவைத்திருக்கும் கவசப் பெட்டியான கேமராவிலிருந்து கேபிளோடு குழாய் வழியே வெளியே போய்த் திரும்ப வேண்டும். கைப்பிடியைச் சுற்றி முடித்ததுமே உள்ளே வந்துவிட்டது என்று மனம் நம்பிவிடுகிறது. குழாயில் சிக்கியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது, சூடும் தெரியாது. மீட்டரோடு நெருங்கி, குழாயின் நீளம் முழுக்கவும் கேமராவையும் அளந்த பிறகே அடுத்த ஃபிலிமைத் தொட வேண்டும். இரவு ஷிப்டில், "இரண்டு ஷாட்தான் பாக்கி அண்ணா" என்று மீட்டரை ஜீப்பிலேயே வைத்துவிட்டு வருபவரை நான் வேலை செய்ய விடுவதில்லை. பேட்ஜை, கழற்றிப்போட்ட சட்டையில் குத்திவைத்திருப்பவரையும்தான்.

தூரத்து ஊர்க் கதை என்று நினைப்பவர்களுக்குக் கல்பாக்கத்தைச் சொல்கிறேன். 2003 ஜனவரி 21 அன்று அங்குள்ள, பயன்படுத்திய அணு எரிபொருளை மறுசுத்திகரிக்கும் ஆலையில் ஒரு வால்வு பழுதானது. குறைந்த கதிரியக்கக் கழிவு என்று எண்ணி மாதிரி எடுத்த ஊழியர்கள் கையாண்டது உயர் கதிரியக்கக் கழிவு. ஆறு பேர் பாதிக்கப்பட்டனர்.

பேட்ஜ் தொலைந்தாலோ, மழையில் நனைந்தாலோ, அன்றே உங்கள் பாதுகாப்பு அலுவலரிடம் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் உங்கள் அளவு என்னவென்று கேட்டு வாங்கிப் பாருங்கள். இந்தியாவில் கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. வேலை மாறும்போது அந்தப் பதிவுகளின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.