பழைய போர்வை பத்து கிலோவைச் சுமப்பது எப்படி?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டில் கிடந்த பழைய பருத்திப் போர்வைகளையும் தலையணை உறைகளையும் வெட்டிக் கடைக்குக் கொண்டுபோகும் பைகள் தைத்தேன். அரிசி, பருப்பு, காய்கறி என்று நிறைத்துத் தூக்கினால் எல்லாப் பைகளும் கைப்பிடி பொருத்திய இடத்தில்தான் கிழிகின்றன. தைத்த நூல் அறுவதில்லை, துணிதான் கிழிகிறது. பழைய துணி இதற்கு உதவாதா, அல்லது என் தையலில் பிழையா?"

பழைய துணி தாராளமாக உதவும். ஆனால் அது எங்கே வலுவாக இருக்கிறது, எங்கே வலுவிழந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தைக்க வேண்டும். அதற்கு ஒரு நூலின் முறுக்குக்குள் நுழைந்து பார்ப்பது அவசியம்.

அதற்கு முன், பழைய துணியை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருட்கள் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டன. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய்க்குத் துணிப்பை தரும் எந்திரமும் வந்தது. இவை அனைத்தும் நல்லவையே. ஆனால் டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018-இல் வெளியிட்ட கணக்கு ஒன்றையும் நாம் மனத்தில் கொள்ள வேண்டும். புதிய பருத்தியில் செய்த பை ஒன்று, ஒரு சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலைக் குறைவாகத் தூண்ட வேண்டுமானால் அதைக் குறைந்தது 52 முறையாவது பயன்படுத்த வேண்டும் என்றும், ஓசோன் படலம் உள்ளிட்ட எல்லாப் பாதிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 7,100 முறை பயன்படுத்த வேண்டும் என்றும் அது கூறியது. இந்தச் சுமையில் மிகப் பெரும்பகுதி, வயலில் பருத்தி விளைவதிலிருந்து நூற்று, நெய்து, சாயமேற்றுவது வரையிலான வேலைகளால் வருவது. பதினைந்து ஆண்டுகள் படுத்துறங்கிய ஒரு போர்வையைப் பொறுத்தவரை அந்தச் செலவு எப்போதோ செய்து முடிந்துவிட்டது. அதைப் பையாக்கும்போது புதிதாகச் சேர்வது தையல் நூலும் தையல்காரரின் உழைப்பும் மட்டுமே. அலமாரியில் பழைய துணி இருக்கும்போது பைக்கென்று புதுத் துணி வாங்குவது வீண் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது நூலுக்கு வருவோம். ஒரு போர்வையின் நீளம் இரண்டரை மீட்டர். அதில் முனைக்கு முனை ஓடும் பாவு நூலும் அதே நீளம். ஆனால் அந்த நூல் எதனால் ஆனதோ அந்தப் பருத்தி இழையின் நீளம் மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. இழையோடு இழையை ஒட்டுவதற்கு எந்தப் பசையும் கிடையாது. நெசவுக்காகப் பாவில் ஏற்றும் கஞ்சிகூடத் துவைத்ததும் போய்விடும். அப்படியானால் இந்தச் சிறு இழைகளை இரண்டரை மீட்டருக்கு ஒன்றாகப் பிடித்திருப்பது எது? கலிலியோ 1638-இல் வெளியான தம்முடைய புத்தகத்தில் கயிற்றை வைத்து இதே கேள்வியை எழுப்பினார்: இரண்டு மூன்று முழ நார்கள் சேர்ந்து நூறு முழக் கயிறாகி, அறுக்க முடியாத வலிமையை எப்படிப் பெறுகின்றன? முறுக்குதான் நார்களைப் பிடித்திருக்கிறது என்று அவர் விடையும் சொன்னார். அந்த முறுக்கு என்ன செய்கிறது என்பதுதான் எனக்குத் துணியிலேயே மிகவும் பிடித்த சங்கதி.

படகைக் கரையில் நிறுத்துகிறவர் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, மறுமுனையை ஒற்றைக் கையால் பிடித்தபடியே அலை இழுக்கும் படகை அடக்கிவிடுவார். 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் இதற்கான கணிதத்தை வகுத்தார். ஒவ்வொரு சுற்றும் முந்தைய பிடியோடு இன்னொரு பங்கைக் கூட்டுவதில்லை. முந்தைய பிடியைப் பெருக்குகிறது. உராய்வு எண் 0.3 என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்று நம் கையின் பிடியை ஏறத்தாழ 6.6 மடங்காக்கும், இரண்டு சுற்று 43 மடங்காக்கும், மூன்று சுற்று 280 மடங்குக்கு மேல் கொண்டுபோகும்.

நூலுக்குள் நடப்பதும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த காரியமே. 40-ஆம் நம்பர் (நூலின் மென்மையைக் குறிக்கும் எண்) பருத்தி நூலில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 25 முறுக்குகள் இருக்கும். அதன் குறுக்குவெட்டில் எந்த இடத்தில் பார்த்தாலும் தொண்ணூறு, நூறு இழைகள் இருக்கும். ஒவ்வோர் இழையும் தன் அண்டை இழைகளைச் சுற்றிச் சுற்றிச் செல்கிறது. நூலை இழுத்தால் வளைந்து கிடக்கும் இழை நிமிர முயல்கிறது. நிமிர முயலும்போது தனக்கு உள்ளே இருக்கும் இழைகளை நெருக்குகிறது. நெருக்கம் கூடினால் உராய்வு கூடுகிறது. உராய்வு கூடினால் இழை நழுவுவது இன்னும் கடினமாகிறது. பிரித்துவிடுவதற்காக நாம் கொடுக்கும் இழுவையே பிடியை இறுக்கும் விசையாக மாறிவிடுகிறது. பஞ்சை உருட்டி, முறுக்காமல் இழுத்தால் கையோடு வந்துவிடும். அதே பஞ்சை முறுக்கிவிட்டு இழுத்தால் விரலை அறுக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெளிச்சுற்றில் கிடக்கும் இழை உள்ளே இருப்பவற்றை அழுத்தும். சரி, அதை யார் அழுத்துவது? ஓர் இழை தன் முழு நீளத்துக்கும் மேற்பரப்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் அதற்குப் பிடிப்பே இருக்காது; உரிந்து வந்துவிடும். அது உரிந்தால் அடுத்த அடுக்கு மேற்பரப்பாகும், அதுவும் உரியும், கடைசியில் நூலே மிஞ்சாது. அப்படி நேராமல் காப்பது, இழைகள் உள்ளும் புறமுமாக இடம் மாறிக்கொண்டே செல்லும் தன்மை. நூற்கும்போது வெளிப்பக்கம் சுற்றும் இழை அதிகத் தொலைவு போக வேண்டியிருப்பதால் விறைக்கிறது. விறைத்த இழை குறைந்த தொலைவுள்ள நடுப்பகுதியை நாடி உள்ளே நுழைகிறது. அங்கே தளர்ந்து கிடந்த இழை வெளியே தள்ளப்படுகிறது. வெளியே வந்தது சற்று நேரத்தில் தானும் விறைத்து மறுபடி உள்ளே போகிறது. ஆகவே ஒவ்வோர் இழையும் தன் நீளத்தில் சில இடங்களில் மற்றவற்றைப் பிடிக்கிறது, சில இடங்களில் மற்றவற்றால் பிடிக்கப்படுகிறது. 1952-இல் மார்ட்டன், யென் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதைக் கண்ணால் பார்க்க வழி செய்தார்கள். ஏராளமான இழைகளுக்கிடையே சாயமேற்றிய சில இழைகளைக் கலந்து நூற்று, அந்த நூலை இழையின் ஒளிவிலகல் எண்ணையே (ஒளியை வளைக்கும் அளவையே) கொண்ட ஒரு திரவத்தில் மூழ்க வைத்தார்கள். மற்ற இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துபோக, சாயமேறிய இழை மட்டும் விளிம்புக்கும் மையத்துக்கும் இடையே ஏறி இறங்கிச் செல்வது உருப்பெருக்கியில் தெரிந்தது.

2018-இல் வாரன், பால், கோல்ட்ஸ்டைன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் இந்தப் பழைய கேள்விக்குப் புதிய கணிதம் தந்தார்கள். உராய்வும் இழைகள் ஒன்றையொன்று தொடும் இடங்களும் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், நூலின் நிலையே சட்டென்று மாறிவிடுகிறது. அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் நழுவல் என்ற பேச்சே இல்லை. இழை அறுந்தால்தான் நூல் அறும் என்று அவர்கள் காட்டினார்கள். நாம் தினமும் உடுத்தும் ஒன்றைப் பற்றிய கேள்விக்குக் கலிலியோவிலிருந்து இந்த நூற்றாண்டு வரை ஆராய்ச்சி தொடர்வது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

முறுக்கு கூடினால் நல்லதென்று அளவில்லாமல் முறுக்கவும் முடியாது. இழைகள் மிகவும் சாய்ந்துவிட்டால் நீளவாக்கிலான வலிமை குறையும். பாவு நூலுக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூலைவிடச் சற்று அதிக முறுக்கு கொடுப்பது வழக்கம் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம்.

இனி முதுமை. பழைய போர்வையில் பிடி போய்விடுவதில்லை, இழைதான் நலிகிறது. பருத்தி என்பது செல்லுலோஸ். ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. குளோரின் பிளீச்சும், சூரியனின் புறஊதாக் கதிரும், அமிலமும் அந்தச் சங்கிலியை நடுநடுவே வெட்டுகின்றன. துவைப்பதும் தேய்ப்பதும் மேற்பரப்பு இழைகளை உதிர்க்கின்றன. வாஷிங் மெஷினின் வடிகட்டியில் சேரும் பஞ்சு அப்படி உதிர்ந்ததுதான். ஆகவே ஒரே போர்வையில் எல்லா இடமும் ஒரே வயதுடையதல்ல. உடல் படும் நடுப்பகுதி நலிந்திருக்கும். மெத்தைக்கு அடியில் செருகப்பட்ட ஓரங்கள் புதிது போலவே இருக்கும். ஜன்னல் திரையில் வெயில் பட்ட பக்கம் விரல் அழுத்தத்துக்கே கிழியலாம். கந்தகச் சாயம் ஏற்றிய பழைய கறுப்புத் துணியில் தனி எச்சரிக்கை வேண்டும். அந்தச் சாயம் நாட்பட மெல்லக் கந்தக அமிலத்தை உண்டாக்கி, மடித்து வைத்த இடத்திலேயே துணியை இற்றுப்போகச் செய்யும். ரேயான் திரைகளையும் தவிர்க்கலாம். பருத்தி நனைந்தால் வலுக் கூடும், ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழக்கும். ஈரக் கீரையைப் பையில் போடும் நமக்கு இந்த வேறுபாடு முக்கியம். துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெலிந்த இடங்களை அடையாளமிட்டு, பிறகு இரு கட்டைவிரல்களால் பாவுத் திசையிலும் ஊடைத் திசையிலும் விண்ணென்று இழுத்துப் பார்த்தால் போதும். எது தாங்கும் என்பதைத் துணியே சொல்லிவிடும்.

வாசகியின் கைப்பிடிக்கு வருவோம். 40-ஆம் நம்பர் புது நூல் ஒன்று சுமார் 200 கிராம் எடையைத் தாங்கும். அங்குலத்துக்கு 60 நூல் கொண்ட துணியில் ஓர் அங்குல அகலம், எல்லா நூலும் சமமாகச் சுமந்தால், 12 கிலோவைத் தாங்க வேண்டும். பையில் 10 கிலோ. இரண்டு கைப்பிடிகளுக்கு நான்கு பொருத்துமிடங்கள். ஒன்றுக்கு இரண்டரை கிலோ. நடக்கும்போது ஏற்படும் குலுக்கலில் அது ஐந்து கிலோவாகலாம். புதுத் துணிக்கு இது சாதாரணம். வலுவில் பாதியை இழந்த துணிக்கோ எல்லை 6 கிலோதான். அதுவும் சுமை சமமாகப் பகிரப்படுவதில்லை. தையலின் மூலைகளில் இருக்கும் நூல்கள் அதிகம் சுமக்கின்றன. மூலையில் ஒரு நூல் அறுந்தால் அதன் பங்கு அடுத்த நூலின் தலையில் விழுகிறது, அது அறுந்தால் அதற்கடுத்ததில். இதற்கிடையே பாலியஸ்டர் தையல் நூல் தனி ஒன்றே ஏறக்குறைய ஒரு கிலோ தாங்கும். அதனால்தான் நூல் அறாமல் துணி கிழிகிறது.

ஆகவே சுமையைப் பரப்ப வேண்டும். என் பரிந்துரையில் முதலிடம் நீண்ட பட்டைக்கே. போர்வையின் கரையோரத்திலிருந்து பாவுத் திசையில் நீளப் பட்டைகள் வெட்டி, நான்காக மடித்துத் தைத்து, அந்தப் பட்டை பையின் ஒரு பக்கமாக இறங்கி அடிப்பாகத்தைச் சுற்றி மறுபக்கம் ஏறும்படி பொருத்தினால், பொருட்களின் எடை பெரும்பாலும் பட்டையின் மேலேயே உட்காரும். பழந்துணி பக்கச் சுவராக மட்டும் நிற்கும். அவ்வளவு பட்டைக்குத் துணி போதாதென்றால், பொருத்துமிடத்தின் உள்பக்கம் உள்ளங்கை அளவு ஒட்டுத்துணி வைத்து, சதுரமாகத் தைத்து அதற்குள் பெருக்கல் குறியும் போட வேண்டும். புது ஊசி மாட்டுவது நல்லது. மழுங்கிய ஊசி நூலை விலக்காமல் வெட்டிவிடும். நெருக்கமான தையல் பலம் என்ற எண்ணம் பழந்துணிக்குப் பொருந்தாது. அங்குலத்துக்கு எட்டு, ஒன்பது தையலே சரி. அதற்கு மேல் போட்டால் துளைகளின் வரிசையே கிழியும் கோடாகிவிடும்.

ஓரத் தையலில் அரை அங்குலமாவது துணி விட வேண்டும் என்பதற்கும் முன்னே சொன்ன உராய்வுதான் காரணம். வெட்டிய விளிம்பின் நூலைக் குறுக்கு நூல்கள்தான் மேலும் கீழுமாகப் பின்னிப் பிடித்திருக்கின்றன. அரை அங்குலம் விட்டால் 30 குறுக்கு நூல்களின் பிடி கிடைக்கும். நூலிழை அளவே விட்டால் ஓரிரண்டின் பிடிதான், அது உருவிக்கொண்டு வந்துவிடும்.

அடுத்தவர் படுத்த போர்வை என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 60 டிகிரி வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்திய துணியில் மூட்டைப்பூச்சியோ சிரங்குப் பூச்சியோ உயிரோடு இருக்காது. இறந்தவரின் படுக்கைத் துணியில் தோஷம் ஒட்டியிருக்கும் என்று சொல்லி நல்ல பருத்தியைக் குப்பையில் எறிவதை நான் ஏற்கவே மாட்டேன். செல்லுலோஸ் சங்கிலியில் தோஷம் ஒட்டுவதற்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கரூர் போர்வைகளையும் திரைகளையும் உலகெங்கும் அனுப்புகிறது. கோவையில் 1956 முதல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகம் இயங்குகிறது. துணியின் வலுவைச் சோதிக்கும் கருவிகளும் அறிவும் நம்மிடமே இருக்கின்றன. வீடுகளிலும் விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் கழிக்கப்படும் துணி இன்னும் எவ்வளவு சுமை தாங்கும் என்று முறையாக அளந்து, மகளிர் குழுக்கள் கையில் வைத்துப் பயன்படுத்தக்கூடிய எளிய அட்டவணையாகக் கொடுப்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. மஞ்சப்பைக்கு ஒதுக்கும் நிதியில் ஒரு சிறு பங்கு அதற்குப் போக வேண்டும்.

வாசகிக்குக் கடைசியாக நூல் பற்றி. கைப்பிடி பொருத்த மிகவும் உறுதியான நூலைத் தேட வேண்டாம். சாதாரணப் பருத்தித் தையல் நூலே போதும். சுமை மிஞ்சும்போது முதலில் தையல் விட்டால் பத்து நிமிடத்தில் மறுபடி தைத்துவிடலாம். துணி முதலில் கிழிந்தால் அந்த இடத்தில் தைக்கப் பிடிமானமே இருக்காது. தைத்த பையைத் துவைக்கும்போது பிளீச் சேர்க்காதீர்கள், நிழலில் உலர்த்துங்கள்.