அரசு அலுவலக ஆட்குறைப்பு: சம்பளச் சீட்டில் யார் பெயர்?

அரசாங்கம் செலவைக் குறைப்பதாகச் சொன்னவுடன் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பொருளில்லை. சிங்கப்பூரின் 2017ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அமைச்சுகளின் செலவு வரம்பை நிரந்தரமாக 2 விழுக்காடு குறைப்பதாக அறிவிக்கப்பட்டது. காலியான இடத்தை நிரப்பாமல் விடுவதாலும், இரண்டு பிரிவுகளை ஒன்றாக்குவதாலும்கூடச் செலவு குறையும். அதையும் தாண்டி வேலை போனால், முதலில் பார்க்க வேண்டியது சம்பளச் சீட்டில் முதலாளி என்று யார் பெயர் இருக்கிறது என்பதைத்தான்.

ஒரே மாடியில் கோப்பு பார்க்கும் அதிகாரிக்கும், மாலையில் அவருடைய மேசையைத் துடைக்கும் அக்காவுக்கும் பொருந்தும் விதிகள் வேறு. அரசாங்க ஊழியர்களும் ஆணைபெற்ற கழகங்களின் (தனிச் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசு அமைப்புகளின்) ஊழியர்களும் வேலை நியமனச் சட்டத்தின்கீழ் வருவதில்லை. இது பலருக்கும் தெரியாது. அவர்களுக்கு நியமனக் கடிதம், பணி விதிகள், தொழிற்சங்கக் கூட்டு ஒப்பந்தம் ஆகியவையே ஆதாரம்.

குத்தகை நிறுவனத்தின் ஊழியரான அக்காவுக்கு அந்தச் சட்டம் பொருந்தும். ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால், 5 ஆண்டு அல்லது அதற்கு மேல் பணியாற்றியவருக்கு 4 வாரம் தர வேண்டும். ஆனால், ஆட்குறைப்பு இழப்பீட்டுத் தொகை இவ்வளவு என்று சட்டம் வரையறுக்கவில்லை. 2 ஆண்டுப் பணி முடித்தோருக்கு ஆண்டுக்கு 2 வாரம் முதல் ஒரு மாதச் சம்பளம் வரை கொடுப்பது, அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு சொல்லும் வழக்கம். மாதம் 1,800 வெள்ளி வாங்கி 8 ஆண்டு பணியாற்றியவருக்கு, 2 வாரத்தை அரை மாதமாகக் கொண்டால் ஏறக்குறைய 7,200 வெள்ளியும் முழு மாதக் கணக்கில் 14,400 வெள்ளியும் வரும். இடைவெளி பெரிது என்பதால், பேசும்போது சங்கத்தைத் துணைக்கு அழைப்பது நல்லது. வேலை இழப்புக்கான இழப்பீட்டுக்கு வருமான வரி கிடையாது. முன்னறிவிப்புக்குப் பதிலாகத் தரும் சம்பளத்துக்கு உண்டு.

2025 ஏப்ரலில் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம் 6 மாதங்களில் அதிகபட்சம் 6,000 வெள்ளி தருகிறது. உச்சத்தொகை முதல் மாதம் 1,500, அடுத்து 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதங்களும் 750 வெள்ளி எனக் குறைந்துகொண்டே வரும். முன்பு வாங்கிய சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் இருக்கக்கூடாது; கடந்த 12 மாதங்களில் குறைந்தது 6 மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும். வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குச் செல்வது போன்ற முயற்சிகளையும் மாதந்தோறும் காட்ட வேண்டும்.

இத்திட்டம் தன் விருப்பமின்றி வேலை இழந்தவர்களுக்கானது. ஆகவே, "பதிவில் நன்றாக இருக்கும்" என்று சொல்லி யாராவது பதவி விலகல் கடிதத்தை நீட்டினால், அதில் கையெழுத்திடுவதற்கு முன் ஆட்குறைப்புக் கடிதத்தைக் கேளுங்கள்.