கையளவு பீன்ஸும் ஆதி மனிதர் வந்த வழியும்

கொடைக்கானல் பேத்துப்பாறையில் கல்திட்டைகளைப் பார்க்கப் போனபோது, கூட வந்த பள்ளி மாணவி கேட்டாள்: "இந்தக் குள்ளர் குகையில இருந்தவங்கதான் முதல் மனுஷங்களா சார்?"

இல்லை. இவை குள்ளர்கள் குடியிருந்த வீடுகளும் அல்ல. பெருங்கற்காலத்தில் இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்துக் கட்டிய ஈமச்சின்னங்கள். குள்ளர் கதை பரவப் பரவ, இதைக் கட்டிய உழைப்பாளிகளை மறந்துவிடுகிறோம். ஆதி மனிதர் கதை இன்னும் பழையது. ஆப்பிரிக்காவில் தோன்றிய நம் இனம் ஏறக்குறைய 60,000 ஆண்டுகளுக்கு முன் அங்கிருந்து கிளம்பி உலகெங்கும் பரவியது.

"ஏன், இங்கேருந்து அங்கே போயிருக்கக் கூடாதா?" என்றாள்.

அருமையான கேள்வி. பக்கத்து வீட்டு வாசலில் சாக்கை விரித்து விதை பீன்ஸ் காயப் போட்டிருந்தார்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, அங்கொன்று இங்கொன்றாகப் புள்ளி போட்டது. வீட்டம்மாவிடம் கேட்டு ஒரு கை அள்ளினேன். கையில் புள்ளி பீன்ஸ் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கையளவை எடுத்துக்கொண்டு ஒரு குடும்பம் அடுத்த மலைக்குப் போகிறது என்று வையுங்கள். விதைத்தால் நாலு வருடத்தில் மூட்டை மூட்டையாக விளையும். ஆனால் புள்ளி பீன்ஸ் மட்டும் வராது. அங்கிருந்து இன்னொரு குடும்பம் ஒரு கை அள்ளிக் கிளம்பும்போது கறுப்பும் விட்டுப்போகலாம். அளவு பெருகும், வகை குறையும். அப்புறம் நீங்கள் யாரையும் விசாரிக்கவே வேண்டாம். ஊர் ஊராகச் சாக்கைப் பிரித்து வகைகளை எண்ணினால் போதும், விதை எந்தத் திசையில் நடந்தது என்று தெரிந்துவிடும்.

மனித மரபணுவிலும் இதேதான். உலகின் ஐம்பதுக்கும் மேற்பட்ட மக்கள் குழுக்களை வைத்து 2005இல் வெளியான ஆய்வில், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தரைவழியே தூரம் கூடக் கூட, ஒவ்வொரு குழுவுக்குள்ளும் இருக்கும் மரபணு வேறுபாடு சீராகக் குறைந்தது. ஆப்பிரிக்காவில் மிக அதிகம். தென் அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் மிகக் குறைவு. புதிய மாற்றங்களும் தோன்றும்தான், ஆனால் வழியில் இழந்ததை ஈடுகட்ட 60,000 ஆண்டுகள் போதவில்லை.

மலைக்குக் கீழே, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பிச்சப்பன் குழு எம்130 என்ற, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் மரபணு அடையாளத்தை மதுரைப் பக்கத்துக் கிராமத்தில் கண்டது. ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளிடமும் அது உண்டு. அதை வைத்துச் சிலர் சாதிப் பெருமை பேசுவது எனக்கு வருத்தம். அது ஆயிரமாயிரம் முன்னோர்களில் ஒரே ஒரு வரிசையைத்தான் காட்டுகிறது.

"எங்க பாட்டி பக்கத்து ஊர் விதையையும் கலந்துடுவாங்களே சார்?"

சரியாகப் பிடித்துவிட்டாள். மனிதர்களும் கலந்தார்கள். இந்தியாவில் மட்டுமே ஏறக்குறைய 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை பெரும் கலப்பு நடந்திருக்கிறது. அத்தனை கலந்தும், ஆப்பிரிக்காவிலிருந்து இறங்கும் அந்தச் சரிவு இன்னும் அழியாமல் தெரிகிறது.