டிங்கெல் கேட்டது வேறு, சட்டமானது வேறு

அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் காப்பீட்டுத் தகுதியைச் சரிபார்ப்பது என் பணி. கிரீன் கார்டில் வந்து சில மாதங்களே ஆன, 65 வயதைக் கடந்த தந்தையை நெஞ்சுவலியோடு சேர்த்துவிட்டு, "மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருக்கிறதே" என்று மகன் நம்பிக்கையோடு சொல்வதை இந்த வாரமும் கேட்க நேர்ந்தது. "நான் இத்தனை ஆண்டுகள் வரி கட்டியிருக்கிறேனே" என்பது அவருடைய அடுத்த வாதம்.

மகன் கட்டும் வரி பெற்றோரின் கணக்கில் சேராது. மருத்துவமனைச் செலவை ஏற்கும் பகுதி 'ஏ' பிரீமியம் இல்லாமல் கிடைக்க, பயனாளியோ அவருடைய வாழ்க்கைத்துணையோ பொதுவாக 40 காலாண்டுகள், அதாவது சுமார் 10 ஆண்டுகள், அங்கு வேலை பார்த்து வரி செலுத்தியிருக்க வேண்டும். அந்த உழைப்புக் கணக்கு இல்லாத கிரீன் கார்டுதாரர், ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து வசித்த பிறகே பிரீமியம் கட்டி அதில் சேர முடியும். இதை எத்தனை முறை சொன்னாலும், வயதுதான் தகுதி என்ற எண்ணம் நம் குடும்பங்களை விட்டு அகலவில்லை.

இந்த உழைப்பு நிபந்தனை ஏன் வந்தது என்பதற்கு மிச்சிகன் மாநில அரசியல்வாதி ஜான் டிங்கெலுடைய பொதுவாழ்வே விளக்கம். 1943இல் தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதாவைக் கொண்டுவந்தவர்களுள் ஒருவர் அவருடைய தந்தை. தந்தை மறைந்த பின் 1955இல் அதே இடத்துக்குத் தேர்வான மகன், 2015 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் அவரைவிட நீண்ட காலம் பணியாற்றியவர் எவருமில்லை. அனைவருக்குமான காப்பீட்டு மசோதாவை அவர் காங்கிரஸின் ஒவ்வொரு பதவிக்காலத்திலும் மீண்டும் முன்வைத்தார்; அதற்கான பணத்தை மதிப்புக் கூட்டு வரி மூலம் திரட்டலாம் என்றார். அது நிறைவேறவில்லை. 1965இல் அவர் தலைமை இருக்கையில் இருந்தபோது சபையில் நிறைவேறிய மெடிகேரோ, மருத்துவமனைப் பகுதிக்குச் சம்பள வரியையே நம்பியது; ஆகவேதான் உழைத்த ஆண்டுகளைக் கேட்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பதே பயன் யாருக்கு என்பதைத் தீர்மானிக்கிறது. டிங்கெல் சட்டத்தின் சிறு எழுத்துகளையும் கவனித்து வாசித்தவர். நாமும் அப்படி வாசிக்க வேண்டும்.

'ஒபாமாகேர்' எனப்படும் 2010ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அவர் ஆதரித்ததுதான் என்றாலும், எல்லோருக்கும் இலவசக் காப்பீடு தரவில்லை. ஆனால் கிரீன் கார்டோடு புதிதாக வருபவர் 60 நாட்களுக்குள் அரசு ஏற்படுத்திய காப்பீட்டுச் சந்தையில் திட்டம் வாங்க வழி செய்தது. தயவுசெய்து அந்த நாட்களை வீணாக்காதீர்கள். சுற்றுலா விசாவில் பெற்றோரை அழைப்பவர்கள் பயணக் காப்பீட்டை முழுமையாகப் படியுங்கள். முன்பே இருக்கும் சர்க்கரை நோயும் இதய நோயும் பெரும்பாலும் விலக்கப்பட்டிருக்கும். காப்பீடு இல்லையென்று நெஞ்சுவலியை வீட்டிலேயே பொறுத்திருக்க விடாதீர்கள். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசரப் பிரிவு யாரையும் பரிசோதித்து, உடல்நிலையை நிலைப்படுத்த வேண்டும். அது இலவசம் என்று பொருளல்ல. பில் வந்ததும் ஒளித்துவைக்காமல், நிதியுதவி விண்ணப்பத்தைக் கேளுங்கள்; இலாப நோக்கற்ற மருத்துவமனைகள் அத்தகைய உதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்கக் கடமைப்பட்டவை.