லிஃப்ட் பம்ப்: தூக்குவதா, ஊட்டுவதா?

டீசல் லாரி பழுதைப் பற்றிப் பேசும்போது 'லிஃப்ட் பம்ப் போய்விட்டது' என்பார் ஒருவர், 'ஃபீட் பம்ப் போய்விட்டது' என்பார் இன்னொருவர். சாமான் ஒன்றுதான். டேங்கிலிருந்து டீசலை எடுத்து, அதை எஞ்சினுக்குள் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன் பம்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற சின்னப் பம்ப் அது. பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடலாம். ஆனால் மாற்றுப் பம்ப் வாங்கப் போகிறவரைத் தப்பான வழியில் இழுத்துப்போகிற பெயர் இந்த 'லிஃப்ட்'.

லிஃப்ட் என்ற ஆங்கிலச் சொல் ஸ்காண்டிநேவியாவின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'லொப்ட்' என்றால் காற்று, வானம். வானத்தை நோக்கி உயர்த்துவது 'லிப்தா'. ஜெர்மன் மொழியில் காற்றைக் குறிக்கும் 'லுஃப்ட்' இதற்குப் பங்காளி. 'பம்ப்' கப்பலில் வந்த சொல். டச்சு, தாழ் ஜெர்மன் மாலுமிகளின் பேச்சிலிருந்து 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போனது. கப்பலின் அடியில் தேங்கும் நீரை வெளியேற்றும் கருவிக்கு, அது போடும் சத்தத்தையே பெயராக வைத்திருக்கலாம் என்கிறார்கள்.

வண்டிகள் வருவதற்கு முன்பே பம்புகளை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். நீரை மேலே கொண்டுவந்து வாய் வழியாகக் கொட்டிவிடுவது லிஃப்ட் பம்ப். தன்னைவிட உயரத்துக்கோ எதிர் அழுத்தத்துக்கோ நீரைத் தள்ளுவது ஃபோர்ஸ் பம்ப். இந்தக் கணக்குப்படி பார்த்தால் லாரியில் இருப்பது லிஃப்ட் பம்பே இல்லை! ஃபில்டரின் தடையைத் தாண்டி அழுத்தத்தோடு டீசலைத் தள்ளுகிறதே, அது ஃபோர்ஸ் பம்ப் ரகம்.

பிறகு ஏன் அந்தப் பெயர்? டேங்க் இருக்கும் இடம்தான் காரணமாக இருக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி காரில் பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில், கார்புரேட்டரைவிட உயரத்தில் இருந்தது. எரிபொருள் தானாகவே இறங்கி வந்தது, பம்ப் கிடையாது. டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால் செங்குத்தான மேட்டில் அது முன்னுக்கு வராது, அதனால் ரிவர்ஸில் ஏறினார்கள். லாரியிலோ டேங்க் சேஸிஸ் ஓரத்தில் தாழத் தொங்குகிறது, எஞ்சின் அதற்கு மேலே. டீசலை ஏற்றியாக வேண்டும்.

அந்த ஏற்றுகிற வேலையையும் முழுக்கப் பம்ப் செய்வதில்லை. பம்ப் தன் உள்ளே அழுத்தத்தைக் குறைக்கிறது, டேங்கில் டீசலின் மேல் உட்கார்ந்திருக்கும் காற்று அதைக் குழாய்க்குள் தள்ளிவிடுகிறது. டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்துக்கொண்டால் புதுப் பம்பும் திணறுவது இதனால்தான். காற்று என்ற வேரிலிருந்து பிறந்த சொல்லுக்குக் காற்றே வேலை பார்க்கிறது என்பது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்க வேண்டிய தற்செயல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பம்புக்கு 'எக்கி' என்று கலைச்சொல் உண்டு. இலங்கையில் 'பம்பி' என்று எழுதுகிறார்கள். லிஃப்டை அப்படியே பெயர்த்தால் 'தூக்கு பம்பு', கேட்டாலே கழுத்து வலிக்கிறது. 'மின்தூக்கி' ஏற்கெனவே மாடிக்குப் போய்விட்டது. 'இறைப்பான்' என்றால் கிணற்றுநீர் வாய்க்காலில் கொட்டுவது கண்ணுக்குத் தெரிகிறது, பழைய லிஃப்ட் பம்புக்குப் பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

நான் தேர்ந்தெடுப்பது 'ஊட்டு பம்பு'. உண் என்பதன் பிறவினை ஊட்டு. காண், காட்டு ஆவது மாதிரி. உண்பது இன்ஜெக்‌ஷன் பம்ப், ஊட்டுவது இது. பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போய் 'கவாஜ்' பம்ப் என்கிறார்கள். வாத்தின் தொண்டைக்குள் தீனியைத் திணிக்கும் வேலைக்கு அங்கே அதுதான் பெயர்.

ஊட்டுவது என்று நினைத்துக்கொண்டால், வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி மாறிவிடும். எவ்வளவு உயரம் ஏற்றும் என்பது இரண்டாம்பட்சம். உண்கிற பம்புக்கு எவ்வளவு அழுத்தத்தில், நிமிடத்துக்கு எவ்வளவு டீசல் வேண்டும்? 5.9 லிட்டர் கம்மின்ஸ் எஞ்சின் கொண்ட டாட்ஜ் ராம் வண்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1994 முதல் 1998 வரை வந்த 12 வால்வு எஞ்சினில் கேம் ஷாஃப்ட் ஓட்டும் பிஸ்டன் பம்ப், அழுத்தம் 20 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு) மேல். அடுத்து வந்த 24 வால்வு எஞ்சினில் பாஷ் விபி44 இன்ஜெக்‌ஷன் பம்ப், அதற்கு எலக்ட்ரிக் ஊட்டு பம்பு, 10 முதல் 15 பி.எஸ்.ஐ. போதும். விபி44 தன்னைக் குளிர்விக்கவும் மசகுக்கும் அந்த டீசலையே நம்பியிருக்கிறது. ஊட்டு குறைந்தால் வண்டி உடனே நிற்காது, விலை உயர்ந்த பம்ப் மெல்ல மெல்லத் தேயும். பயந்துபோய் அளவுக்கு மீறிய அழுத்தம் கொடுத்தால் சீல் கிழியும். அதனால் அழுத்தமானியை மாட்டி, சும்மா ஐடிலில் பார்க்காமல், பாரத்தோடு மேடு ஏறும்போது பாருங்கள்.

எலக்ட்ரிக் என்றால் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பார்க்க வேண்டும். டேங்க் பக்கத்தில், தாழ்வாகப் பொருத்துவது நல்லது, பம்புக்குத் தள்ளுவது சுலபம், இழுப்பது கஷ்டம்.

வாங்குவதற்கு முன்னால் ஒன்று. டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு துண்டு கண்ணாடி மாதிரியான ட்யூபைச் செருகி எஞ்சினை ஓடவிடுங்கள். கடுகுக் குமிழிகள் வரிசையாக ஓடினால் பம்ப் மேல் பழி இல்லை, எங்கோ ஒரு கிளிப் தளர்ந்து காற்று இழுக்கிறது. அந்தப் பக்கத்தில் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும், அதனால் கண்ணில் படாது. டயாஃப்ரம் (மடங்கி விரியும் சவ்வு) ரகப் பம்ப் என்றால் ஆயில் குச்சியையும் உருவிப் பாருங்கள். மட்டம் ஏறி, ஆயிலில் டீசல் வாடை அடித்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கக்கூடும்.

அப்புறம், எழுதுகிறவர்களுக்கு: 'ஊட்டுப் பம்பு' என்று ஒற்றுப் போட வேண்டாம். ஊட்டிய, ஊட்டுகின்ற, ஊட்டும் என்று மூன்று காலத்தையும் உள்ளடக்கிய வினைத்தொகை அது.