ஸ்நேர் டிரம்முக்கு ஓர் அடி போதாது

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தேவாலயத்து இளைஞர் குழுவின் பழைய டிரம் செட்டை விற்பதற்கு முன் அதன் ஒலியைக் கணினியில் சேமித்து, விரும்புகிற எவருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஒவ்வொரு டிரம்மையும் ஒருமுறை அடித்துப் பதிவு செய்து, கீபோர்டில் ஒரு கட்டைக்கு ஓர் ஒலி என்று ஒதுக்கிவிட்டார்கள். தனித்தனியாகக் கேட்டால் அச்சு அசலாக இருக்கிறதாம். தாளமாக வாசித்தால், அதிலும் அடியில் கம்பிகள் பொருத்திய ஸ்நேர் டிரம்மில் இரு குச்சிகளாலும் விடாமல் அடிக்கும் வேகமான உருட்டு வரும்போது, ஏதோ இயந்திரம் ஓடுவதுபோல் ஆகிவிடுகிறதாம். விலை உயர்ந்த மைக் வாங்கினால் சரியாகுமா என்பது கேள்வி.

ஆகாது. மைக் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். மைக் அதை மின்னழுத்தமாக்குகிறது. கணினி அந்த மின்னழுத்தத்தை வினாடிக்கு 44,100 முறை அளந்து எண்களாகக் குறித்துக்கொள்கிறது. மனிதக் காதின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்கு மேல் அளந்துவிட்டால் காதுக்கு எட்டுவதில் எதுவும் விடுபடாது. ஆகவே பதிவான அந்த அடி உண்மையானதுதான். ஒரே ஓர் அடிதான் இருக்கிறது என்பதே சிக்கல்.

வீணைத் தந்தியை மீட்டினால் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் 2, 3, 4 மடங்குகளும் எழும். வட்டமான தோலுக்கு அந்த ஒழுங்கு கிடையாது. அடிப்படைக்கு மேலே எழும் அதன் மேல்சுரங்கள் 1.59, 2.14, 2.30, 2.65 மடங்கு என்று கலைந்து நிற்கின்றன. தோல் முழுவதும் ஒன்றாக ஏறி இறங்குவது முதல் அதிர்வு. ஒரு பாதி ஏறும்போது மறுபாதி இறங்குவது இரண்டாவது. இந்த இரண்டாவது அதிர்வில் நடுக்கோடு அசைவதில்லை. அதனால் தோலின் மையத்தில் சரியாக அடித்தால் அது பிறப்பதே இல்லை. முதல் அதிர்வு காற்றை மொத்தமாகத் தள்ளுவதால் தன் ஆற்றலைச் சட்டென்று ஒலியாகக் கொட்டித் தீர்த்துவிடும். இரண்டாவதிலோ ஒரு பாதி தள்ளும் காற்றை மறுபாதி உள்ளிழுத்துக்கொள்ளும். ஆற்றல் மெதுவாகவே வெளியேறும், நாதம் நீளும். மையத்தில் ‘தும்’ என்று அடங்கிவிடும் டாம் டிரம், குச்சி சில சென்டிமீட்டர் விலகி விழுந்தால் ‘டோங்’ என்று பாடுவது இதனால்தான்.

இதை விரலாலேயே சோதிக்கலாம். ஒரு விரல் நுனியைத் தோலின் நடுவில் லேசாக வைத்துக்கொண்டு விளிம்புப் பக்கமாக அடியுங்கள். முதல் அதிர்வு அணைந்து, சுருதி ஏறிக் கேட்கும். மிருதங்கத்தில் ‘நம்’ வாசிப்பவரின் மோதிர விரல் செய்வதும் இதே வேலைதான். மிருதங்கம் இதில் இன்னும் ஒரு படி மேலே போகிறது: வலந்தலை எனும் வலப்பக்கத் தோலின் நடுவிலுள்ள கரிய வட்டமான கரணை, கலைந்த மேல்சுரங்களை முழு மடங்குகளுக்கு இழுத்து வந்துவிடுகிறது. இதை சி.வி. ராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்; 1934இல் இன்னும் விரிவாக எழுதினார். பறைக்கும் பம்பைக்கும் உறுமிக்கும் அதே அக்கறையோடு அளவீடுகள் நடக்க வேண்டும், அதற்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 530 மீட்டர் நீள ரேடியோ தொலைநோக்கி ஒரு மலைச்சரிவையே தனதாக்கிக்கொண்டு 1970 முதல் வானத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அறிவியலுக்கு அவ்வளவு இடம் கொடுத்த மலையில் தோல்கருவிகளுக்காக ஒரு சிறிய ஒலி ஆய்வுக்கூடம் கேட்பது பேராசை அன்று.

அடிக்கும் இடத்தைப் போலவே அடியின் வேகமும் ஒலியை மாற்றுகிறது. வேகமாக இறங்கும் குச்சி தோலைத் தொட்டிருக்கும் நேரம் குறைவு. தொடுகை குறுகினால் உயர் அதிர்வெண்கள் கூடும். பலத்த அடியில் தோல் சற்று நீண்டு, இழுவிசை கூடி, சுருதி மேலே தொடங்கிக் கீழே வழுக்கும். ஸ்நேரில் இன்னொன்றும் நடக்கிறது. அதன் அடித்தோலை ஒட்டிக் கம்பிச் சுருள்கள் கிடக்கின்றன. மெல்லிய அடியில் அவை தோலோடு சேர்ந்தே அசையும். அதிர்வு ஓர் அளவைத் தாண்டியதும் தோலைவிட்டு எகிறி, மீண்டும் அதன்மேல் விழுந்து அறையும். எனவே மெல்லிய அடியின் பதிவை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் அது பலத்த அடியாகாது. கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மிடி என்ற தரமுறை கட்டையை அழுத்தும் வேகத்தை 1 முதல் 127 வரையிலான எண்ணாகத் தருகிறது. அந்த எண்ணுக்குத் தக்க வேறு வேறு பதிவுகளை வைத்துக்கொள்ள வேண்டும்; மெல்லியதிலிருந்து பலத்தது வரை இப்படிப் பிரிப்பதைத்தான் அடுக்குகள் என்பார்கள்.

இனி அந்த உருட்டு. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஸ்நேரின் ஒலியில் பெரும்பகுதி வெறும் இரைச்சல். கம்பிகள் தோலில் மோதும் கணங்களுக்கு எந்த ஒழுங்கும் இல்லை. முந்தைய அடியின் அதிர்வு அடங்குவதற்குள் அடுத்த அடி விழும். தோல் மேலே வரும்போது விழுந்தால் ஒரு விளைவு, கீழே போகும்போது விழுந்தால் வேறொன்று. வலக்கையும் இடக்கையும் ஒரே புள்ளியில் இறங்குவதும் இல்லை. காது இந்த வித்தியாசங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தறிவதில்லை. ஆனால் வித்தியாசமே இல்லாமல் போனால் உடனே கண்டுபிடித்துவிடும். 1963இல் நியூமன் கட்மன், பேலா யூலெஸ் என்ற இருவர் இதைச் சோதித்தார்கள். வெற்று இரைச்சலில் ஒரு சிறு துண்டை எடுத்து, இடைவெளியின்றித் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டார்கள். வினாடிக்கு நான்கு முதல் இருபது முறை வரை திரும்பியபோது மோட்டார் படகு ஓடுவதுபோல் கேட்டது. இரைச்சலில் எந்த வடிவமும் இல்லை. திரும்பி வருவது ஒன்றே அதற்கு வடிவம் கொடுத்துவிட்டது. ஸ்நேரில் வேகமாக உருட்டினால் வினாடிக்குப் பத்து அடிகளுக்கு மேல் விழும். ஒரே பதிவைப் பத்து முறை ஓடவிட்டால் அதே எல்லைக்குள் வந்து நிற்கிறோம். கோத்தகிரி வாசகருக்குக் கேட்ட இயந்திரம் அதுதான். அவருடைய காது சரியாகவே கேட்டிருக்கிறது.

ஆக, ஸ்நேருக்கு வன்மையில் நான்கைந்து அடுக்குகள், ஒவ்வொரு அடுக்கிலும் ஆறு அடிகளாவது வேண்டும். அவற்றில் இடக்கை அடிகளும் இருக்கட்டும். மென்பொருள் அவற்றைச் சுழற்சி முறையில் எடுத்துக்கொள்ளும். ஓயாமல் ஒலிக்கும் ஹை-ஹாட் எனும் இரட்டைத் தட்டுக்கும் அதே அளவு தேவை. காலால் அடிக்கும் கிக் டிரம்முக்குக் குறைவாகவே போதும்.

சிம்பல் எனும் உலோகத் தட்டுக்குத்தான் பொறுமை வேண்டும். அதன் நாதம் பல வினாடிகள் நீண்டு, கடைசியில் அறையின் இரைச்சலுக்குள் மூழ்கிவிடும். அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவு தூரம் அதைத் தொடர்ந்து பதியலாம். மலை இரவுகள் இதற்கு வரம், மழை இல்லாதவரை. கோத்தகிரி, குன்னூர் பக்கம் வடகிழக்குப் பருவமழை தகரக் கூரையில் இறங்கும் மாதங்களை விட்டுவிட்டு ஜனவரி, பிப்ரவரியில் வைத்துக்கொள்ளுங்கள். காட்டெருமையைக் கண்டு நாய்கள் குரைத்தால், முடியும்வரை காத்திருந்து மறுபடி அடியுங்கள். டிரம் செட்டின் தோல் இப்போதெல்லாம் பாலியெஸ்டர் தகடு என்பதால் பனிமூட்டத்துக்கு அதிகம் அசையாது. விலங்குத் தோல் ஈரத்தை உறிஞ்சித் தளர்ந்துவிடும். இங்கே நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர் இசைக்கலைஞர்கள் தங்கள் கருவிகளை வாசிப்பதற்கு முன் தீயருகே காய்ச்சுவது அதனால்தான். அத்தகைய கருவியைப் பதிவு செய்வதானால் ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும். அதற்கும் முன், வாசிப்பவர்களிடம் எதற்காகப் பதிகிறோம், யாருக்கெல்லாம் போகும் என்று சொல்லி அனுமதி கேட்க வேண்டும்.

தலைக்கு மேலே இரண்டு மைக் வைத்தால் ஸ்நேரின் மையத்திலிருந்து இரண்டுக்கும் தூரம் சமமாக இருக்க வேண்டும். ஒலி ஒரு மில்லிவினாடியில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். ஒரு மைக் அவ்வளவு தள்ளியிருந்து, இரண்டு பதிவுகளையும் கலந்தால் 500 ஹெர்ட்ஸ் பகுதியில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், ஸ்நேர் மெலிந்துபோகும். ஒரு கயிற்றின் முனையை ஸ்நேரின் நடுவில் பிடித்து, மறுமுனையை இரண்டு மைக்குகளுக்கும் எட்டச் செய்து அளந்தால் போதும்.

பகிர்வதற்கு எம்பி3 வேண்டாம். அது கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனத்தைச் சேர்க்கும், கூர்மையான அடிக்கு முன்பே மங்கலான முன்னொலியையும் உண்டாக்கும். தாளக் கருவிக்கு இரண்டுமே கேடு. எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் என்ற கோப்பு வடிவம் நல்லது. ஒவ்வோர் அளவீட்டுக்கும் 24 பிட், ஸ்டீரியோ என்றால் வினாடிக்குச் சுமார் 2.6 லட்சம் பைட்டுகள். மூன்று வினாடி வீதம் 300 அடிகளுக்குச் சுருக்குவதற்கு முன் 240 மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவாக வரும். எந்தக் கட்டைக்கு, எந்த வன்மைக்கு, எந்தக் கோப்பு என்பதை எஸ்.எஃப்.இசட் வடிவில் எழுதிவையுங்கள். அது யாரும் திறந்து படிக்கக்கூடிய வெறும் உரைக்கோப்பு, எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் நம்பியிருப்பதில்லை. பதிப்புரிமையை விட்டுக்கொடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி0 அறிவிப்பை இணைத்துவிட்டால், எடுப்பவர் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கூடவே டிரம்களின் விட்டம், தோலின் வகை, மைக்கின் தூரம், அறையின் அளவு ஆகியவற்றையும் எழுதிவையுங்கள். டிரம் செட் விற்றுப்போன பிறகு அவற்றை அளக்க வழியிருக்காது.